பேட்டரியில் இயங்கும் வீட்டு சென்சார்: எந்த வலையமைப்பு, எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வேளச்சேரியில் மூன்று படுக்கையறை கொண்ட அடுக்ககம். அறைகளின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்ய வைஃபை சென்சார்களை வாங்கி வைத்தீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பேட்டரி தீர்ந்துவிடுகிறது. ஏசி அறையை ஒட்டிய அறையில், பீரோவுக்குப் பின்னால் சுவர் ஓதம் ஏறிப் பூஞ்சை வாடை அடிக்கிறது. அதன் காரணமும் தெரிய வேண்டும். குறைந்த மின்சக்தியில் இயங்கும் கம்பியில்லா வலையமைப்புகளில் சிக்பீ, த்ரெட், லோரா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி அமைப்பது?

உங்கள் வீட்டுக்குச் சிக்பீ போதும் என்பது என் பதில். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குறைந்த மின்சக்தி வலையமைப்பில் பேட்டரி சென்சார் தன் ஆயுளில் பெரும்பகுதியை உறக்கத்திலேயே கழிக்கிறது. அது அப்படி உறங்க வேண்டுமானால், அதனிடமிருந்து தகவலை வாங்கிக்கொள்ளும் வேறு சில கருவிகள் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் இத்தகைய அமைப்பு தடுமாறும்போது பெரும்பாலும் சென்சாரிடம் குறை இருப்பதில்லை. விழித்திருக்க வேண்டிய கருவியின் சுவிட்சை யாரோ அணைத்திருப்பார்கள். ஆகையால் எந்த சென்சார் வாங்கலாம் என்பதை அப்புறம் வைத்துக்கொண்டு, வீட்டில் எந்தெந்த இடங்களில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்று முதலில் பாருங்கள்.

வைஃபை சென்சாரின் பேட்டரி ஏன் அவ்வளவு விரைவில் தீர்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈஎஸ்பி32 போன்ற வைஃபை சிப் ஆழ்ந்த உறக்கத்தில் ஏறத்தாழ 10 மைக்ரோஆம்பியர் மட்டுமே எடுக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விழித்தவுடன் வைஃபை ரூட்டரைத் தேடி, பாஸ்வேர்டு சரிபார்க்கப்பட்டு, ஐபி முகவரி பெற்று, சர்வரோடு தொடர்பு ஏற்படுத்தி, ஓரிரு எண்களை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கச் சுமார் 3 வினாடி ஆகிறது என்றும், அந்த நேரத்தில் சராசரியாக 100 மில்லிஆம்பியர் செலவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 0.083 மில்லிஆம்பியர்-மணி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு 288 தடவை; ஆக ஒரு நாள் செலவு 24 மில்லிஆம்பியர்-மணி. 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படியே 83 நாள்தான் தாங்கும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் சர்க்யூட்டில் ஏற்படும் இழப்பையும், சிக்னல் குறைவான அறையிலிருந்து திரும்பத் திரும்ப இணைய முயல்வதையும் சேர்த்தால், நீங்கள் சொல்லும் இரண்டு மாதம் சரியாக வந்துவிடுகிறது. உங்கள் சென்சார்கள் பழுதானவை அல்ல. வைஃபையின் இயல்பே அது.

சிக்பீயும் த்ரெடும் ஐஇஇஇ 802.15.4 என்ற ரேடியோ தரத்தின் மேல் எழுப்பப்பட்டவை. இங்கே சென்சார் ஏற்கெனவே வலையமைப்பில் சேர்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக இணைய வேண்டியதில்லை. விழித்து, அளந்து, சில பைட்டுகளை அனுப்பிவிட்டு உறங்க 20 மில்லிவினாடி, அந்த நேரத்தில் 10 மில்லிஆம்பியர் என்று கொண்டால், 288 தடவைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 0.016 மில்லிஆம்பியர்-மணிதான் ஆகிறது. உறக்கத்தில் 3 மைக்ரோஆம்பியர் என்றால் அதற்கு நாளொன்றுக்கு 0.072. இரண்டும் சேர்ந்து 0.1-ஐக் கூடத் தொடவில்லை. சிஆர்2032 பட்டன் செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி. கணக்கு ஆறு ஆண்டைத் தாண்டிப் போகிறது. தனக்கு ஏதேனும் செய்தி உண்டா என்று இடையிடையே கேட்பதற்கான செலவு, செல்லில் தானாக ஏற்படும் மின்னிழப்பு எல்லாம் போக, ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு வரை எதிர்பார்ப்பது நியாயம்.

இந்தக் கணக்கு ஒரே இடத்தில் உடைந்துபோகும். சென்சாரின் தகவலை வாங்கிக் கடத்தும், எப்போதும் விழித்திருக்கும் கருவிக்கு சிக்பீ ரூட்டர் என்று பெயர்; வைஃபை ரூட்டர் வேறு, இது வேறு. சென்சார் எந்த சிக்பீ ரூட்டரோடு இணைந்திருக்கிறதோ அது திடீரென்று காணாமல் போனால், சென்சார் ரிசீவரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேனலாகத் தேடத் தொடங்கும். அப்படித் தேடுவதில் ரிசீவர் 6 மில்லிஆம்பியர் வீதம் மொத்தம் ஒரு மணி நேரம் இயங்கினாலே 6 மில்லிஆம்பியர்-மணி போய்விடும். மேலே போட்ட கணக்கில் அது இரண்டு மாதத்துக்கு மேலான செலவு. "சிக்பீ என்றார்கள், இதிலும் மூன்றே மாதத்தில் பேட்டரி தீர்ந்தது" என்ற குறையை ஆராய்ந்தால், பல வீடுகளில் இதுதான் காரணமாக இருக்கும்.

நம் வீடுகளில் ஒவ்வொரு பிளக் பாயின்டுக்கும் தனி சுவிட்ச் உண்டு. வேலை முடிந்ததும் அணைத்துவிடுவது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கம். ஸ்மார்ட் பல்பு சிக்பீ ரூட்டராக வேலை செய்யும் என்று விற்பவர் சொல்வது உண்மையே. ஆனால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்த நொடியில் அந்த ரூட்டர் மறைந்துவிடும், அதை நம்பியிருந்த சென்சார் தேடத் தொடங்கிவிடும். ஆகவே பல்புகளை ரூட்டர் கணக்கில் சேர்க்காதீர்கள். எவரும் அணைக்காத பாயின்டுகள் என்று ஒரு வீட்டில் இரண்டு மூன்றுதான் இருக்கும்: ஃப்ரிட்ஜ், வைஃபை ரூட்டர், சில வீடுகளில் வாட்டர் பியூரிஃபயர். அவற்றின் பக்கத்து சாக்கெட்டில் ஒரு சிக்பீ ஸ்மார்ட் பிளக்கைச் செருகுங்கள். அதன் வழியாக ஃப்ரிட்ஜை ஓட்ட வேண்டிய அவசியமில்லை, பிளக் வெறுமனே உயிரோடு இருந்தால் போதும். அந்த சாக்கெட்டின் சுவிட்ச் மீது ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுவது, வீட்டிலுள்ள எல்லாருக்கும் விளக்கிச் சொல்வதைவிட நம்பகமானது. அடுத்ததாக இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டு எந்தெந்த பாயின்டில் மின்சாரம் தொடர்கிறது என்று ஒரு முறை நடந்து பாருங்கள். பெரும்பாலான அடுக்ககங்களில் மின்விசிறி, விளக்கோடு அறைக்கு ஒரு 5 ஆம்பியர் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். சிக்பீ பிளக்குகளுக்கு அதுவே சரியான இடம். சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் சிக்பீ ரிலே (விளக்கை வலையமைப்பு வழியாகப் போட்டு அணைக்கும் சிறு கருவி) வாங்குவதாக இருந்தால் நியூட்ரல் வயர் தேவைப்படும் வகையையே வாங்குங்கள்; நியூட்ரல் இல்லாமல் இயங்குபவை பொதுவாக ரூட்டராகச் செயல்படுவதில்லை. அந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

உங்கள் அளவுள்ள வீட்டுக்கு நடுக்கூடத்தில் கோஆர்டினேட்டர் (சிக்பீ வலையமைப்பு முழுவதையும் நடத்தி, தகவலைக் கணினிக்குக் கொடுக்கும் தலைமைக் கருவி) ஒன்று, அதற்கு அப்பால் இரண்டு அல்லது மூன்று பிளக்குகள் போதும். கோஆர்டினேட்டராக சிசி2652பி அல்லது ஈஎஃப்ஆர்32எம்ஜி21 சிப் உள்ள யூஎஸ்பி டாங்கிள் (பென் டிரைவ் போன்ற சிறு கருவி) எதுவும் சரி. அதைக் கணினியில் நேரடியாகச் செருகக் கூடாது. யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் நீள யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி, டாங்கிளைக் கணினியிலிருந்தும் வைஃபை ரூட்டரிலிருந்தும் தள்ளி வையுங்கள். வலையமைப்பு முழுவதற்கும் மிக மலிவாகச் செய்யக்கூடிய மேம்பாடு இதுதான்.

சேனலைத் தொடக்கத்திலேயே யோசித்து முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றினால் பல கருவிகளை மறுபடி இணைக்க வேண்டிவரும். அடுக்ககத்தில் மேலும் கீழும் பக்கத்திலுமாக எத்தனையோ வைஃபை ரூட்டர்கள் 1, 6, 11 என்ற சேனல்களில் இயங்கிக்கொண்டிருக்கும். சிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு சேனல்கள் உண்டு. அவற்றில் 15-உம் 20-உம் அந்த மூன்று வைஃபை சேனல்களின் இடைவெளிகளில் விழுகின்றன, 25-உம் 26-உம் மூன்றையும் தாண்டி நிற்கின்றன. 26-ஐச் சில கருவிகள் ஏற்பதில்லை என்பதால் 25-ஐப் பரிந்துரைக்கிறேன். கூடவே உங்கள் வைஃபை ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத் தானியங்கியாக விடாமல் 1 அல்லது 6 என்றும், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்றும் நிலைநிறுத்திவிடுங்கள். தானியங்கியாக விட்டால், கரன்ட் போய் வரும்போதெல்லாம் ரூட்டர் புதிய சேனலுக்குத் தாவ வாய்ப்புண்டு.

மற்ற இரண்டு பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். த்ரெட் நல்ல தொழில்நுட்பம். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கருவிகளுக்கான பொதுத் தரம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் த்ரெட் வலையமைப்பை வீட்டு வைஃபையோடு இணைக்கும் பார்டர் ரூட்டர் என்ற கருவி தேவை. உங்களிடம் ஏற்கெனவே அப்படி ஒரு கருவி இல்லையென்றால், வெப்பநிலை, ஈரப்பத சென்சார்களுக்காக மட்டும் அதற்குப் போக வேண்டாம். லோரா முற்றிலும் வேறு வகை, நெடுந்தூரத்துக்கானது. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, தெருக்கோடிக் கிணறு, செங்கல்பட்டுப் பக்கத்துத் தோட்டம் போன்ற இடங்களுக்கு அதற்கு இணையில்லை. ஆனால் தூரத்துக்கு விலை உண்டு. தூரத்துக்காக வேகத்தைக் குறைக்கும் ஸ்ப்ரெடிங் ஃபாக்டர் என்ற அமைப்பை ஒரு படி கூட்டும்போதெல்லாம் செய்தி காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது, பேட்டரிச் செலவும் கூடவே ஏறுகிறது. நான்கு சுவர்களைத் தாண்டினால் போதும் என்ற வீட்டுக்கு அது மிகை. எப்போதேனும் லோரா மாட்யூல் வாங்கினால், 433 அல்லது 915 மெகாஹெர்ட்ஸுக்கானதை விலை மலிவு என்று எடுக்காமல் 865–868-க்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அளக்கும் பகுதி. நீங்களே சாலிடர் செய்து கட்டுவதாக இருந்தால் எஸ்எச்டி40 என்ற வெப்பநிலை, ஈரப்பத சென்சார் சிப் நல்ல தேர்வு; அதன் வழக்கமான துல்லியம் வெப்பநிலையில் 0.2 டிகிரி, ஈரப்பதத்தில் 1.8 சதவீதம். காற்றழுத்தமும் வேண்டுமென்றால் பிஎம்இ280. எதுவானாலும் சென்சாரை மின்னழுத்தச் சீராக்கியிலிருந்தும் ரேடியோ சிப்பிலிருந்தும் தள்ளி, காற்றோட்டமான துளைக்கு அருகில் வைக்க வேண்டும். பெட்டிக்குள் தேங்கும் வெப்பம் சென்சாரை ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், 30 டிகிரியில் 75 சதவீதமாக இருக்கும் ஈரப்பதம் 71 என்று காட்டும். ஒரே தவறு இரண்டு எண்களையும் கெடுத்துவிடும். ஆயத்தமாக விற்கும் சிக்பீ சென்சார் வாங்கினாலும் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உப்புச் சோதனை எளிமையானது. ஒரு மூடியில் சுத்தமான உப்பைப் போட்டு, அது கரைந்துவிடாமல் ஈரமான மணல் போல் ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, காற்றுப் புகாத டப்பாவுக்குள் சென்சார்களோடு சேர்த்து வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். உப்பு சென்சாரைத் தொடக் கூடாது. அறை வெப்பநிலையில் அந்த டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். எல்லா சென்சார்களும் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வித்தியாசத்தை மென்பொருளில் திருத்தமாகக் கொடுத்துவிடலாம். உங்கள் பீரோச் சுவர் விஷயத்தில் இந்தத் திருத்தம் இல்லாமல் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அந்தச் சுவருக்கு வருகிறேன். ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். வெப்பநிலை மாறினாலே அது மாறிவிடும். பனிநிலையைக் கணக்கிடுங்கள், அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை. 30 டிகிரி, 75 சதவீதம் என்பது சென்னையில் எந்த அறையிலும் சாதாரணமாகக் காணும் நிலை. அதன் பனிநிலை 25 டிகிரி. பக்கத்து அறை ஏசியால் 24 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது, நடுவில் நாலரை அங்குலச் சுவர், அதை ஒட்டிக் காற்றே அசையாதபடி ஒரு பீரோ என்றால், பீரோவுக்குப் பின்னால் சுவரின் மேற்பரப்பு 27 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கக் கூடும். அறைக் காற்றில் 75 சதவீதமாக இருக்கும் அதே ஈரம், அந்த 27 டிகிரிப் பரப்பை ஒட்டி ஏறத்தாழ 89 சதவீதமாகிறது. பூஞ்சைக்குத் தண்ணீர் சொட்ட வேண்டியதில்லை. பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே அது வளரும்.

ஆனால் அதே சுவருக்குள் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தாலும் வாடை ஒன்றுதான். இரண்டையும் பிரித்தறிய இரண்டு சென்சார்கள் போதும்: ஒன்று அறையின் நடுப்பகுதிச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மற்றொன்று பீரோவுக்கும் சுவருக்கும் இடையில், பக்கவாட்டு விளிம்பிலிருந்து ஒரு சாண் மட்டும் உள்ளே. அதற்கு மேல் தள்ளினால் இரும்பு பீரோ சிக்னலை மறைத்துவிடும். அந்த அறையிலேயே ஒரு சிக்பீ பிளக் இருப்பதும் அவசியம். இரண்டு இடத்திலும் பனிநிலை ஒன்றாகவே இருந்தால், அங்குள்ள ஈரம் அறைக் காற்றிலிருந்து வந்தது. சுவர் குளிர்ந்திருப்பதுதான் பிரச்சினை. பீரோவை அரை அடி முன்னால் நகர்த்துவதும், ஏசியின் காற்று அந்தச் சுவரில் நேராக அடிக்காமல் திருப்புவதும், 24-ஐ 26 ஆக்குவதும் தீர்வு. பீரோவுக்குப் பின்னால் பனிநிலை தொடர்ந்து ஒரு டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால், ஈரம் சுவரிலிருந்து வெளியே வருகிறது. பிளம்பரை அழைக்க வேண்டும். வித்தியாசம் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு மட்டும் எழுந்து சில வாரங்களில் அடங்கினால், குழாயை விட்டுவிட்டு வெளிச்சுவர்ப் பூச்சையும் சன்னல் மேற்பகுதி விரிசலையும் பாருங்கள். உங்கள் எண்கள் நம்பத்தக்கவையா என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு: சன்னல்களைத் திறந்துவைத்த நேரத்தில் அறையின் பனிநிலை, வானிலை ஆய்வு மையத்தின் மீனம்பாக்கம் நிலையம் காட்டும் பனிநிலையோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

இணைக்கும் வரிசையில் அவசரம் வேண்டாம். முதலில் கோஆர்டினேட்டர்; பிறகு அதற்கு அருகிலுள்ள பிளக், அதன் பிறகு தூரத்துப் பிளக்; எல்லாவற்றுக்கும் கடைசியாக சென்சார்கள். சென்சாரை மேசையில் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு அறைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. சில வகைகள் முதலில் பிடித்த ரூட்டரை எளிதில் விடுவதில்லை. எந்த இடத்தில் இருக்கப் போகிறதோ அங்கேயே வைத்து இணையுங்கள். ரிப்போர்ட்டிங் அமைப்பை, அதாவது எப்போது தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதியை, மாற்ற அனுமதிக்கும் சென்சார் என்றால், குறைந்த இடைவெளி 60 வினாடி, அதிக இடைவெளி 3,600 வினாடி, வெப்பநிலை 0.3 டிகிரியும் ஈரப்பதம் 2 சதவீதமும் மாறினால் மட்டும் அனுப்பட்டும் என்று கொடுங்கள். பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கும்போதும் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்போதும் ஈரப்பதம் வேகமாக ஏறி இறங்கும். அதற்கு எல்லை வைக்காவிட்டால் சென்சார் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும்.

தூசு நுண்துகள் அளக்கும் சென்சாரையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குள் சிறு மின்விசிறி ஓடுவதால் பட்டன் செல்லில் இயங்காது, அடாப்டரில் மாட்டுங்கள். காற்றில் ஈரம் மிகும்போது துகள்கள் நீரேறிப் பெருத்து, அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் விடியற்காலை எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேளச்சேரி நிலைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு செய்ய ராஸ்பெரி பை என்ற சிறு கணினி அல்லது பழைய மடிக்கணினி ஒன்றில் ஹோம் அசிஸ்டன்ட் (அளவுகளைப் பதிந்து காட்டும் மென்பொருள்), சிக்பீ2எம்க்யூடிடி (சிக்பீ டாங்கிளை அதோடு இணைக்கும் மென்பொருள்) இரண்டும் போதும். இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தால் எஸ்டி கார்டு தேய்ந்துவிடும். சிறிய எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியும் வைஃபை ரூட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். எச்சரிக்கை அமைக்கும்போது பேட்டரிச் சதவீதத்தை நம்ப வேண்டாம். லித்தியம் பட்டன் செல் தன் ஆயுளில் பெரும்பகுதி ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் நின்று, கடைசியில் சட்டென்று சரியும். ஆகவே நேற்று எண்பது காட்டிய செல் இன்று செத்துப்போவது சாதாரணம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சென்சாரும் கடைசியாகப் பேசிய நேரத்தைக் கண்காணித்து, மூன்று மணி நேரம் மௌனமாக இருந்தால் கைபேசிக்குச் செய்தி வரும்படி செய்யுங்கள். ஒரு சென்சார் மட்டும் மௌனமானால் அதன் செல்லை மாற்றுங்கள். ஓர் அறைப் பக்கத்திலுள்ள இரண்டு மூன்று சென்சார்கள் ஒன்றாக மௌனமானால் செல்லைத் தொடாமல், அந்தப் பக்கத்துப் பிளக்கின் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.